ஒரே விலையில் இருந்த இரண்டு ரூபாய்கள்

1966 ஜூன் 5-ஆம் தேதி வரை ஓர் அமெரிக்க டாலருக்குச் சென்னையில் 4 ரூபாய் 76 காசு. கொழும்பிலும் 4 ரூபாய் 76 சதம். பாக் நீரிணையின் இரு கரையிலும் பணத்தின் பெயரும் ஒன்று, விலையும் ஒன்று. இரண்டுமே பிரிட்டிஷ் பவுண்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. அதற்கு முன்னால் இந்திய ரூபாயே இலங்கையிலும் பல்லாண்டுகள் புழங்கியிருக்கிறது. அதனால் இந்த ஒற்றுமை அப்போது யாருக்கும் வியப்பாகத் தெரியவில்லை.

இன்று நிலைமை வேறு. இந்திய ரூபாய் 2025 டிசம்பரில் டாலருக்கு 90-ஐத் தாண்டியது. இலங்கை ரூபாய் 300-க்கும் மேல். 2022 மே மாதத்தில் அது 360-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்பது 2025 டிசம்பர்க் கணக்கு. ஒன்றாகப் புறப்பட்ட இரண்டு நாணயங்கள் எப்படி இவ்வளவு தூரம் விலகின? இரண்டுமே ஏன் இறங்கின? அதைவிட ஆச்சரியம், நாடே திவாலான அடுத்த ஆண்டில் இலங்கை ரூபாய் எப்படி ஏறியது? ஒரு நாணயத்தின் மதிப்பை எது தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த இரட்டையர் கதையைவிடத் தெளிவான பாடம் நமக்கு அருகில் கிடையாது.

எண் சொல்லாத சேதி

ரூபாய் சரிந்தால் நம் ஊரில் அது பொருளாதாரச் செய்தியாக நிற்பதில்லை, மானப் பிரச்சினையாகிவிடுகிறது. எதிர்க்கட்சியாக இருந்தபோது ரூபாயின் எண்ணைப் பிரதமரின் வயதோடு ஒப்பிட்டுக் கேலி பேசியவர்கள், ஆட்சிக்கு வந்ததும் உலகச் சூழலை விளக்குகிறார்கள். முன்பு விளக்கிக்கொண்டிருந்தவர்கள் கேலிக்கு மாறுகிறார்கள். இரண்டு வசனமும் எல்லாக் கட்சிக்கும் மனப்பாடம்.

சுதந்திரம் கிடைத்த அன்று ஒரு டாலர் ஒரு ரூபாயாக இருந்தது என்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி பொய். 1947-இல் ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு, ஒரு பவுண்டு 4 டாலருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் டாலர் 3 ரூபாய் 30 காசு வரும். 1949-இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயும் கூடவே இறங்கியது. அப்படி வந்ததுதான் 4.76.

எண் பெரிதாக இருப்பதே பலவீனம் என்றால் ஜப்பான் ஏழை நாடாக இருக்க வேண்டும். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை போனது. தென் கொரியாவில் ஆயிரத்து முந்நூறு, நானூறு வொன் கொடுத்தால்தான் ஒரு டாலர். அந்த நாட்டுக்காரர்கள் செய்த காரும் கைப்பேசியும்தான் நம் தெருவெங்கும். பார்க்க வேண்டியது எண்ணை அல்ல. அது எந்த வேகத்தில் நகர்கிறது, எதனால் நகர்கிறது, நகரவிடாமல் பிடித்து வைத்தால் என்ன ஆகிறது என்பதைத்தான்.

டாலருக்கும் சந்தை உண்டு. வங்கிகள் தங்களுக்குள் காலை முதல் வாங்கி விற்கும் சந்தை அது. அங்கே டாலரைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் யார்? பின்னலாடை ஏற்றுமதியாளர், மென்பொருள் நிறுவனம், துபாயிலிருந்து மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பும் ஓட்டுநர், நம் பங்குச் சந்தையில் முதலீடு செய்யவரும் அயல்நாட்டு நிதியங்கள். டாலரைக் கேட்டு நிற்பவர்கள்? கச்சா எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள், தங்கம் இறக்குமதி செய்கிறவர்கள், பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கும் பெற்றோர், வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டுகிறவர்கள், போட்ட முதலை எடுத்துக்கொண்டு கிளம்பும் அதே அயல்நாட்டு நிதியங்கள். கேட்பவர் கூட்டம் பெருகினால் டாலர் ஏறும், அதாவது ரூபாய் இறங்கும். கொண்டுவருபவர் பெருகினால் ரூபாய் ஏறும்.

இதுவரை கத்தரிக்காய்ச் சந்தைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம், டாலர் அழுகாது என்பதில்தான் தொடங்குகிறது. அடுத்த மாதம் விலை ஏறும் என்று தோன்றினால் கையில் டாலர் உள்ளவர் இன்று ஏன் விற்க வேண்டும்? வெளிநாட்டு வங்கியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டு மாதம் கழித்து இயந்திரத்துக்குப் பணம் கட்ட வேண்டியவரோ இன்றே வாங்கி வைக்கத் துடிப்பார். விற்பவர் பதுங்க, வாங்குபவர் முந்த, சரியும் என்ற பயமே சரிவை உண்டாக்கிவிடும். நாணயச் சந்தையில் நாளைய செய்திதான் இன்றைய விலை.

இவை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வேலை செய்யும் காரணங்கள். பத்தாண்டு, இருபதாண்டு என்று நீட்டிப் பார்த்தால் முன்னுக்கு வருவது விலைவாசி. அமெரிக்காவில் பொருள்களின் விலை ஆண்டுக்கு 3 சதவீதமும் நம் நாட்டில் 7 சதவீதமும் ஏறினால், நம் ரூபாயால் வாங்க முடிந்தது ஆண்டுதோறும் அந்த வித்தியாசத்தின் அளவுக்குக் கூடுதலாகக் குறைகிறது. வெளிமதிப்பு என்றாவது ஒருநாள் இந்த உள்மதிப்புக்கு இறங்கிவந்தே தீரும். சில நாடுகள் படிப்படியாக இறக்குகின்றன. சில நாடுகள் பிடித்துவைத்திருந்து மொத்தமாகக் கீழே விடுகின்றன. இந்தியாவும் இலங்கையும் இரண்டையும் செய்து பார்த்திருக்கின்றன.

1966: பிரிந்த இடம்

பாகிஸ்தானுடன் போர், கூடவே வறட்சி, அமெரிக்கக் கோதுமையை நம்பி ஓடும் ரேஷன். இந்த நிலையில்தான் இந்திரா காந்தி பிரதமரானார். ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் உதவி வரும் என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் சொல்லிக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு வரை நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி அதற்கு இணங்கவில்லை. அவர் பதவி விலகிய ஐந்தே மாதத்தில், 1966 ஜூன் 6 அன்று, டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆனது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரைக் கலந்துபேசாமல் எடுத்த முடிவு இது. அவருடைய கோபம் கட்சிக்குள் ஊரறிந்த விஷயமாயிற்று. பொருளாதாரக் கணக்காகவும் அது அப்போது கைகொடுக்கவில்லை. மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருக வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஏற்றுமதி செய்ய விளைச்சல் வேண்டுமே? அந்த ஆண்டும் மழை பொய்த்தது. எதிர்பார்த்த உதவியும் முழுதாக வரவில்லை.

இலங்கை அப்போது கூடவே இறங்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் பவுண்டு மீண்டும் இறங்கியபோதுதான் 20 சதவீதம் குறைத்து டாலருக்கு 5.95 என்று வைத்தது. ஆக அடுத்த பத்தாண்டுகளும் இலங்கை ரூபாய்தான் இந்திய ரூபாயைவிட ‘வலுவானது’. அந்த வலு எப்படிக் காக்கப்பட்டது என்று பார்த்தால் மேற்கோள்குறி ஏன் என்று புரியும். 1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் டாலர் செலவாகும் எதையும் எளிதில் இறக்குமதி செய்ய முடியாது. அரிசிக்குக் கட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு, பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலை வரிசை. டாலரின் விலை ஏறவில்லை. ஏற வேண்டிய விலை வரிசையாக மாறித் தெருவில் நின்றது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து விவசாயி கொழித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி இல்லை என்றானதும் குடாநாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிலங்கை முழுதும் சந்தையாயிற்று. 1977-இல் ஜே.ஆர்.ஜெயவர்த்தன வந்து கதவைத் திறந்தார். டாலருக்கு 16 ரூபாய் என்று புது விலை வைத்தார். கடைகளில் சாமான் நிறைந்தது. யாழ்ப்பாண மிளகாயின் விலை விழுந்தது. நாணயத்தின் மதிப்பு மாறும்போது நாடு முழுதும் சேர்ந்து ஏழையாவதும் இல்லை, சேர்ந்து பணக்காரனாவதும் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

அதற்குப் பிறகு இலங்கை ரூபாயின் இறக்கம் இந்திய ரூபாயைவிட வேகமெடுத்தது. கால் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் செலவு, வரி வசூலிக்கத் தயங்கிய அரசுகள், பற்றாக்குறையை அடைக்க மத்திய வங்கியிடமே கடன். புதுப் பணம் புழக்கத்துக்கு வந்தால் அதில் ஒரு பகுதி இறக்குமதிப் பொருளைத் தேடும். இறக்குமதிக்கு டாலர் வேண்டும். ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாது.

இந்தியாவும் ஒருமுறை விளிம்பு வரை போனது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தார். எண்ணெய் விலை எகிறியது, வளைகுடா வருமானம் அறுந்தது, வெளிநாடு வாழ் இந்தியர்கள் போட்டு வைத்த டெபாசிட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். 1991-இல் டாலர் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. சந்திரசேகர் அரசு மே மாதத்தில் 20 டன் தங்கத்தை சுவிஸ் வங்கிக்கு அனுப்பியது. ஜூலையில் நரசிம்ம ராவ் ஆட்சியில் மேலும் 47 டன் இங்கிலாந்து வங்கிக்குப் போனது. நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிட்டரமணன் அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர், சி.ரங்கராஜன் துணை கவர்னர். ஜூலை 1-ஆம் தேதி ரூபாய் மதிப்பில் முதல் குறைப்பு, 3-ஆம் தேதி இரண்டாவது. முதல் குறைப்புக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்த ராவ், இரண்டாவதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் காலையில் ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தபோது அறிவிப்பு ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தது. டாலர் 21 ரூபாயிலிருந்து 26-ஐ ஒட்டி நின்றது. 1993 மார்ச்சில் விலையைச் சந்தையிடமே விட்டார்கள். இந்தியாவில் அரசாணை போட்டு ரூபாயின் விலையை வைக்கும் காலம் அதோடு முடிந்தது.

உண்டியல்காரர் சொன்ன விலை

இலங்கையில் சட்டப்படி அந்தக் காலம் 2001-இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. 2022-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள 2019-இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. சுற்றுலாப் பயணிகள் ஓடினார்கள். டிசம்பரில் புதிய அதிபர் கோட்டாபய ராஜபக்ச வாக்குறுதிப்படி வரிகளை வெட்டினார். மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. மூன்று மாதத்தில் கொரோனா. 2018-இல் 440 கோடி டாலர் கொண்டுவந்த சுற்றுலா, 2021-இல் 50 கோடிக்கு வந்துவிட்டது. வரிவெட்டால் வருமானம் காணாத அரசுக்கு வெளிநாட்டில் யாரும் கடன் தரத் தயாரில்லை. மத்திய வங்கி அச்சடித்தது. 2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வேறு. இயற்கை வேளாண்மை மீதான காதல் என்று சொல்லப்பட்டது. உரம் வாங்க டாலர் இல்லை என்பது அதற்குள் ஒளிந்திருந்த சங்கதி. தேயிலை விளைச்சல் சரிந்தது. டாலர் கொண்டுவரும் பயிர் அது.

இத்தனைக்குப் பிறகும் டாலரின் விலை 200-ஐ ஒட்டியே நின்றது. 2021 செப்டம்பரில் மத்திய வங்கி ஆளுநராகத் திரும்பிவந்த அஜித் நிவார்ட் கப்ரால் 203-க்கு மேல் விடமாட்டேன் என்று பிடித்தார். கையிருப்பு 2019 கடைசியில் 760 கோடி டாலர். 2021 நவம்பரில் 160 கோடி. ஒரு நாணயம் தன் மதிப்பில் நிற்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விலைப்பலகையைப் பார்த்துப் பயனில்லை. கையிருப்பைப் பார்க்க வேண்டும்.

அல்லது, உண்டியல்காரரைக் கேட்க வேண்டும். இந்தியாவில் ஹவாலா என்று சொல்வதை இலங்கைத் தமிழர் உண்டியல் என்பார்கள். தோஹாவில் வேலை செய்யும் ஒருவர் அங்குள்ள முகவரிடம் ரியாலைக் கொடுக்கிறார். அன்று மாலைக்குள் மட்டக்களப்பில் அவர் மனைவியின் கையில் ரூபாய் வந்து சேர்கிறது. ரியால் கடல் தாண்டவே இல்லை. தோஹாவிலேயே தங்கிய அந்தப் பணத்தைக் கொழும்பு இறக்குமதியாளர் ஒருவர் கூடுதல் விலை கொடுத்து எடுத்து, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறார். வங்கியில் டாலருக்கு 203. உண்டியலில் 240-க்கு மேல். மாதம் 300 டாலர் அனுப்பும் பணிப்பெண்ணுக்கு இந்த வித்தியாசம் பதினோராயிரம் ரூபாய். வங்கி வழியே அனுப்புவது தேசபக்தி என்று மேடையில் பேசலாம். பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

மத்திய வங்கிக்கும் இது தெரிந்தது. 2021 டிசம்பரில் வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. நாற்பது ரூபாய் இடைவெளிக்குப் பத்து ரூபாய்ப் பாலம். 2020-இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் 2021-இல் 550 கோடியாயிற்று, 2022-இல் 380 கோடிக்கு இறங்கியது. அனுப்பியவர்கள் எல்லாம் சம்பாதிப்பதை நிறுத்திவிடவில்லை. பொய் விலைக்கு விற்கத்தான் மறுத்தார்கள். கொழும்பில் எந்தப் பொருளாதார வல்லுநரின் அறிக்கையையும்விட இந்தச் சாதாரண மனிதர்களின் தீர்ப்புதான் ரூபாயின் உண்மையான விலையை முதலில் சொன்னது என்பேன்.

2022 ஜனவரி 18-ஆம் தேதி, எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லாத அந்த நாளில், வெளிநாட்டுக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு 50 கோடி டாலரை இலங்கை தவறாமல் திருப்பிக் கொடுத்தது. கடன் தவறாத நாடு என்ற பெயருக்காக. அந்தப் பெயர் மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தி, 230 வரை போகலாம் என்றது. மறுகணமே 230. இரண்டு வாரத்துக்குள் 260-ஐத் தாண்டியது. கையிருப்பு காலி என்று தெரிந்த பிறகு வரம்பு சொல்வதில் அர்த்தமில்லை. டாலர் வைத்திருந்தவர் யாரும் விற்கவில்லை. மே மாதத்தில் 360. படிப்படியாக இறங்கியிருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. அணையை உயர்த்திக்கொண்டே போனதால்தான் உடைந்தபோது வெள்ளம் அவ்வளவு பெரிதாயிற்று.

ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அதற்குள் 13 மணி நேர மின்வெட்டு, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மைல்கணக்கில் வரிசை, தாள் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்ட பள்ளித் தேர்வுகள் என்று எல்லாம் நடந்து முடிந்திருந்தன. மார்ச் 22-ஆம் தேதி மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து 16 பேர் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அகதிகள். இம்முறை விரட்டியது அரிசி விலை. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி அனுப்புவதாக அறிவித்து, மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது.

மலையகத்தில் என்ன நடந்தது என்பது தனிக் கதை. தேயிலை கொழும்பு ஏலத்தில் ரூபாய்க்கு விற்றாலும் அதன் விலை டாலரைத் தொடர்ந்தே நகரும். ரூபாய் பாதியாக விழுந்தபோது கிலோவுக்குக் கிடைத்த ரூபாய் பெருகியது. உரம், எரிபொருள் செலவும் ஏறியது உண்மைதான். ஆனால் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் போராடிப் பெற்ற அதே ஆயிரம் ரூபாய். பெற்றபோது அது 5 டாலர். 2022 மே மாதத்தில் 3 டாலருக்கும் குறைவு. கோதுமை மாவு இறக்குமதிச் சரக்கு, அதன் விலை டாலரோடு ஏறியது. ரொட்டியே முக்கால் உணவான தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் சம்பளம் அப்படியே நிற்க, அடுப்பு மட்டும் டாலர் கணக்கில் எரிந்தது. அடுத்த அடிப்படைச் சம்பள உயர்வு வர 2024 செப்டம்பர் ஆயிற்று.

திவாலான நாட்டின் ரூபாய் ஏன் ஏறியது?

2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9. அடுத்த ஜூன் தொடக்கத்தில் டாலர் 290-ஐ ஒட்டி வந்துவிட்டது. 360-இலிருந்து 290. உலகிலேயே அந்த அரையாண்டில் நன்றாக ஏறிய நாணயங்களில் ஒன்று, திவாலான நாட்டின் நாணயம்.

காரணங்களில் மந்திரமில்லை. கடனைக் கட்டுவதை நிறுத்தியதால் வெளியே போகும் டாலர் நின்றது. அதைத் திவாலின் ஒரே அனுகூலம் என்று சொல்லலாம். 2022 ஏப்ரலில் ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க, வந்த மறுநாளே வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். கடன் வாங்கிச் சரக்கைப் பதுக்குவது கட்டுப்படியாகாமல் போயிற்று, ரூபாயை வங்கியில் வைத்திருப்பதற்கு ஒரு பொருள் வந்தது. வங்கி விலையும் உண்டியல் விலையும் நெருங்கியதும் வளைகுடாப் பணம் வங்கிக்குத் திரும்பியது. 2023-இல் ஏறக்குறைய 600 கோடி டாலர். சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனாகவும் தவணை நீட்டிப்பாகவும் தாங்கிப் பிடித்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாலு ஆண்டில் பிரித்துத் தரும் அந்தப் பணம் பெரிதல்ல. இனி கணக்கைப் பார்க்க வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நிம்மதிதான் டாலரைப் பதுக்கியவர்களை வெளியே கொண்டுவந்தது. அரசுக்காக மத்திய வங்கி அச்சடிப்பதற்கும் அதே ஆண்டு புதுச் சட்டம் தடைபோட்டது.

இன்னொரு காரணத்தை அரசாங்கங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. மக்கள் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். வாகன இறக்குமதிக்கு 2020 முதலே தடை. பெட்ரோல் பங்கீடு. நுகர்வு சுருங்கினால் இறக்குமதி சுருங்கும், டாலருக்குக் கேட்பாரில்லை, ரூபாய் ஏறும். உலக வங்கியின் கணிப்பில் 2021-இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022-இல் 25 சதவீதமாக இரட்டித்தது. நாணயம் ஏறிவிட்டது என்று ஒரு நிதியமைச்சர் மார்தட்டும்போது, எதை விலையாகக் கொடுத்து ஏற்றினீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

இக்கரையில்

இந்திய ரூபாய்க்கு 1991-க்குப் பிறகு அந்த அளவு ஆபத்து வரவில்லை. பயமுறுத்தல்கள் வந்தன. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, தாராளமாகக் கொட்டிவந்த டாலரை மெல்லக் குறைக்கலாம் என்று கோடி காட்டினார். அவ்வளவுதான். உலகெங்கும் இருந்த டாலர்கள் வீடு திரும்பப் பெட்டி கட்டின. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 4.8 சதவீதமாக இருந்த இந்தியா எளிதில் அகப்பட்டது. 55 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. தங்க இறக்குமதி வரியை 10 சதவீதமாக்கினார்கள். செப்டம்பரில் கவர்னராக வந்த ரகுராம் ராஜன், வெளிநாடுவாழ் இந்தியர் டெபாசிட்டுக்கு வங்கிகளுக்குச் சலுகை விலையில் பரிமாற்றம் தந்து 2,600 கோடி டாலர் திரட்டினார். அமெரிக்க வட்டி அசைந்தால் மற்ற நாணயங்கள் ஆடும் என்பது 2022-இலும் நிரூபணமானது. சைபரை ஒட்டியிருந்த அந்த வட்டி அடுத்த பதினாறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போயிற்று. ரூபாய் 83-க்கு வந்தது. 64,200 கோடி டாலராக இருந்த நம் கையிருப்பு 52,500 கோடிக்கு இறங்கியது. அதில் ஒரு பகுதி கையிருப்பிலுள்ள மற்ற நாணயங்களின் மதிப்பு குறைந்ததால் வந்த சரிவு, இன்னொரு பகுதி சரிவை மெதுவாக்க ரிசர்வ் வங்கி விற்ற டாலர்.

2025 வேறு மாதிரி. அந்த ஆண்டின் முதல் பாதியில் டாலரே மற்ற பெரிய நாணயங்களுக்கு எதிரே சுமார் 10 சதவீதம் இறங்கியிருந்தது. இந்தியாவில் பணவீக்கமும் குறைவு. பாடப்புத்தகப்படி ரூபாய் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அயல்நாட்டு நிதியங்கள் இந்தியப் பங்குகளை விற்றுக்கொண்டு போயின. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. டிசம்பரில் 90. விலைவாசி நீண்டகாலத்தைத் தீர்மானிக்கும். ஓர் ஆண்டைத் தீர்மானிப்பது முதலீடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான். ரிசர்வ் வங்கி 90-ஐக் காப்பேன் என்று சபதம் செய்யவில்லை. தடுமாற்றத்தைத் தடுப்பேன், விலையைப் பிடித்துவைக்க மாட்டேன் என்ற போக்கில் விட்டது. என் கணக்கில் அது சரியான முடிவு. சபதத்தின் விலையை அக்கரையில் பார்த்தாயிற்று.

ரூபாய் இறங்கினால் திருப்பூருக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பவர்கள் அங்குள்ள பனியன் கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பார்க்கலாம். ரூபாய் ஏறினால் அடி விழும் என்பது நிச்சயம். 2007-இல் டாலர் 44-இலிருந்து 39-க்கு இறங்கியபோது, பழைய விலையில் ஆர்டர் எடுத்திருந்தவர்கள் நட்டத்துக்குத் தைத்துக் கொடுத்தார்கள். இறங்கும்போது அதே அளவு லாபம் வருவதில்லை. தையல் இயந்திரமும் சாயமும் இறக்குமதி. வெளிநாட்டு வாங்குநரும் பத்திரிகை படிக்கிறார், உங்கள் ரூபாய்தான் இறங்கிவிட்டதே, விலையைக் குறைத்துப் போடுங்கள் என்கிறார். டாலர் 90-க்குப் போன நேரத்தில் எதிரே 50 சதவீத வரியும் நின்றால், ரூபாய் தரும் பத்துக் காசு எந்த மூலைக்கு? நகைக்கடையில் நிற்பவருக்கும், அமெரிக்கக் கல்லூரிக்குத் தவணை கட்டுகிறவருக்கும் இறக்கத்தின் வலி முழுதாக வருகிறது. அரபு நாட்டிலிருந்து பணம் வரும் கீழக்கரை வீட்டுக்கு அதுவே கூடுதல் வருமானம்.

இலங்கை 2025 பிப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பவும் திறந்துவிட்டது. ஐந்து ஆண்டு காத்திருந்த ஆசை எல்லாம் ஒரே நேரத்தில் டாலர் கேட்டது. ரூபாய் கொஞ்சம் இறங்கி 300-ஐத் தாண்டியது, மத்திய வங்கி அதைத் தடுக்க முண்டியடிக்கவில்லை. பேசிமுடித்த ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டுக் கடனின் முதலைத் திருப்பும் சுமை 2028-இலிருந்து கூடத் தொடங்கும். அதற்குள் தேயிலையும் தைத்த ஆடையும் சுற்றுலாவும் வளைகுடாச் சம்பளமும் எவ்வளவு டாலரைச் சேர்த்து வைக்கின்றன என்பதை வாங்குபவரும் விற்பவரும் இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தோஹாவிலும் துபாயிலும் உள்ள உண்டியல்காரர்களும்தான்.